மெய்க்காவலும் முட்டுக்கட்டையும்

நுழையும்முன்

வெளியிலிருந்து வரும் கிருமிகளை இனங்கண்டு அழிக்கும் ஆற்றல் மனித உடலுக்கு இயல்பாகவே உண்டு. அத்தகைய உடல், தன்னுள்ளேயே தோன்றி வளரும் புற்றுநோய்க் கட்டியைப் பல வேளைகளில் கண்டும் காணாதது போல விட்டுவிடுவது ஏன்? மருத்துவ உலகை நூறாண்டுகளுக்கும் மேலாக அலைக்கழித்த வினா இது. இதற்கான விடையின் பெரும்பகுதி, செல்களின் மேற்பரப்பில் அமைந்துள்ள 'ஏற்பிகள்' என்னும் நுண்ணிய மூலக்கூறுகளில் மறைந்திருந்தது. அவ்விடையைத் தேடிச் சென்ற அறிவியலின் நெடும்பயணத்தை இப்பாடம் விளக்குகிறது.

செல்லின் வாயில்கள்

மனித உடலில் ஏறத்தாழ முப்பது இலட்சம் கோடி செல்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்குவதில்லை. இடைவிடாமல் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. எப்போது வளர வேண்டும், எப்போது பிரிய வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்பன எல்லாம் இச்செய்திகளாலேயே முடிவாகின்றன. செய்தியைக் கொண்டுவரும் மூலக்கூறு செல்லின் வாயிலில் நிற்கும் ஒரு புரதத்துடன் பொருந்தும். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல அமையும் அந்தப் பொருத்தம், செல்லுக்குள்ளே ஒரு சமிக்ஞைத் தொடரைத் தூண்டிவிடும். வாயிலில் நின்று செய்தியை ஏற்கும் அப்புரதமே ஏற்பி எனப்படுகிறது.

நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த செல்களில் ஏற்பிகள் மிகுதி. அவற்றுள் சில, பகை வந்திருப்பதை அறிவிக்கும் ஏற்பிகள். சில, போரைத் தொடங்குமாறு ஆணையிடும் ஏற்பிகள். வேறு சில, போர் முடிந்தது, படையைத் திரும்ப அழைத்துக்கொள் என்று கூறும் ஏற்பிகள். இம்மூன்றும் தத்தம் வேளையில் தத்தம் பணியைச் செய்யும்வரை உடல் நலமாக இருக்கும். இவற்றின் ஒழுங்கு குலையும்போதோ, புற்றுநோய் இவற்றைத் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும்போதோ சிக்கல் தொடங்குகிறது.

ஓர் அறுவை மருத்துவரின் தேடல்

1890இல் நியூயார்க் நகரின் இளம் அறுவை மருத்துவர் வில்லியம் கோலியிடம் எலும்புப் புற்றுநோயுடன் ஓர் இளம்பெண் வந்தார். கையை அகற்றியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த இழப்பால் வருந்திய கோலி, பழைய மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார். அவற்றுள் ஒரு குறிப்பு அவரை நிறுத்தியது. கழுத்தில் அறுவைக்கு அடங்காத கட்டியுடன் இருந்த ஒருவருக்கு எரிசிபெலாஸ் என்னும் தோல்தொற்று ஏற்பட்டது, கடுங்காய்ச்சல் வந்தது, காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் மறைந்திருந்தது. ஆண்டுகள் பல கடந்த பின்னர், கோலி நகரின் குடியிருப்புகளில் அந்த மனிதரைத் தேடியலைந்து உயிரோடு கண்டுபிடித்தார்.

நோய்த்தொற்று உடலைத் தட்டியெழுப்பியது, எழுந்த உடல் கட்டியை அழித்தது என்று அவர் கருதினார். 1891 முதல் புற்றுநோயாளர்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவைச் செலுத்தி ஆராய்ந்தார். உயிருள்ள கிருமி சிலரின் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கொடிதாக இருந்ததால், வெப்பத்தால் கொல்லப்பட்ட இருவகைப் பாக்டீரியாக்களின் கலவையைப் பின்னர் பயன்படுத்தினார். அது 'கோலி நஞ்சு' எனப் பெயர் பெற்றது. சிலருக்குக் கட்டி கரைந்தது. பலருக்குப் பயன் கிட்டவில்லை. ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று விளக்க அவரிடம் கோட்பாடு எதுவும் இல்லை. அதே காலத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை செல்வாக்குப் பெற்றது. 1936இல் கோலி மறைந்தபோது அவருடைய முறையை மருத்துவ உலகம் பெரும்பாலும் கைவிட்டிருந்தது.

பழப்பூச்சி தந்த விடை

கோலியின் புதிருக்கு விடை, எவரும் எதிர்பாராத ஓர் உயிரினத்திலிருந்து வந்தது. பழப்பூச்சியின் கரு எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை ஜெர்மனியில் ஆராய்ந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு குழுவினர், கருவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றைக் கண்டனர். வியப்பைக் குறிக்கும் 'டோல்' என்னும் ஜெர்மானியச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. 1996இல் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் அம்மரபணு பழுதுற்ற பழப்பூச்சிகளை ஆராய்ந்தனர். அவை பூஞ்சைத் தொற்றை எதிர்க்க இயலாமல் மடிந்தன. கருவை வடிவமைக்கும் அதே மரபணு, வளர்ந்த பூச்சிக்கு மெய்க்காவலாகவும் இருந்தது தெரியவந்தது.

அடுத்த ஆண்டே ருஸ்லான் மெட்ஜிடோவ், சார்லஸ் ஜேன்வே ஆகிய இருவரும் மனிதரிடமும் அதனையொத்த ஏற்பி இருப்பதைக் காட்டினர். 1998இல் அமெரிக்காவின் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரியாவின் உறையில் உள்ள நச்சுப்பொருளை எலிகளின் உடல் 'டோல் போன்ற ஏற்பி-4' வழியாகவே உணர்கிறது என்று நிறுவினார். மனித உடலில் இவ்வகை ஏற்பிகள் பத்து உள்ளன. ஒன்று பாக்டீரியாவின் உறையை அறியும். மற்றொன்று அதன் கசையிழைப் புரதத்தை அறியும். வேறு சில, கிருமிகளின் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. ஆகியவற்றை அறியும். இன்ன கிருமி என்று பெயர் சொல்லி அடையாளம் காண்பது இவற்றின் பணி அன்று. 'இது நம்முடையதன்று' என்று பொதுவாக உணர்ந்து உடனே முரசறைவதே இவற்றின் பணி. கொல்லப்பட்ட பாக்டீரியாக் கலவை உடலுக்குள் எழுப்பியது இந்த முரசொலியையே என இன்று கருதப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

முரசொலி கேட்டு முதலில் எழுபவற்றுள் கிளைச்செல்கள் குறிப்பிடத்தக்கவை. பகையின் துணுக்கை ஏந்திச் சென்று டி செல்களுக்குக் காட்டுபவை அவை. அவற்றை 1973இல் உலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவர் ரால்ஃப் ஸ்டைன்மன். கணையப் புற்றுநோய்க்கு ஆளான அவர், தம் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுநிலைச் சிகிச்சைகளைத் தாமே ஏற்றுக்கொண்டு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். 2011 அக்டோபர் 3 அன்று ஹாஃப்மன், பாய்ட்லர் ஆகியோருடன் அவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாள்களுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டதை அதன் பின்னரே பரிசுக்குழு அறிந்தது. மறைந்தவருக்குப் பரிசு வழங்குவதில்லை என்பது மரபாயினும், அறிவிப்பு மாற்றப்படவில்லை.

வேலியே பயிரை மேய்தல்

முரசொலி ஒருமுறை ஒலித்து அடங்கினால் நன்மை. ஆண்டுக்கணக்கில் ஓயாது ஒலித்தால் என்னவாகும்? கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் குழுமியிருப்பதை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1863லேயே கண்டு, நாட்பட்ட அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று எண்ணினார். அவருடைய எண்ணம் பிழைபடவில்லை. இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா நீண்டகால அழற்சியை உண்டாக்கி இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகள் அவ்வாறே கல்லீரலில் புற்றுநோய் தோன்றக் காரணமாகின்றன.

டோல் போன்ற ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் இடைநிலைப் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்தெழுகின்றன. இறுதியில் என்.எஃப்.-கப்பா பி என்னும் புரதம் செல்லின் உட்கருவை அடைந்து பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அதன் பயனாகச் செல் மடியாமல் நீடிக்கிறது. பழுதுற்ற திசு மீள வளர்கிறது. புதிய இரத்தக்குழாய்கள் தோன்றுகின்றன. புண் ஆறுவதற்கு இவை யாவும் தேவை. ஆயினும் மடியாமை, இடையறாத வளர்ச்சி, தனக்கெனக் குருதிப் பாதை ஆகிய இம்மூன்றும் வளர்கட்டிக்கும் வேண்டியவை அல்லவா? புண்ணை ஆற்ற வந்த ஆணையே கட்டிக்கு உரமாகிவிடுகிறது. டோல் போன்ற ஏற்பி-4 இல்லாத எலிகளுக்குப் பெருங்குடலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கியபோது, அவற்றில் இயல்பான எலிகளைவிடக் குறைவாகவே கட்டிகள் தோன்றின. வால்டன்ஸ்டிராம் நோய் என்னும் அரிய இரத்தப் புற்றுநோயில், இச்சமிக்ஞைத் தொடரின் இடைநிலைப் புரதம் ஒன்றில் நேர்ந்த சடுதிமாற்றம் நோயாளருள் மிகப் பெரும்பாலோரிடம் காணப்படுகிறது. முரசை அறைவார் எவரும் இல்லாமலே அது தானாக ஒலித்துக்கொண்டிருக்கும் நிலை அது.

ஆகவே, ஏற்பியை நல்லது, தீயது என்று பிரிக்க இயலாது. எந்தச் செல்லில், எவ்வளவு காலம், எந்த அளவில் அது தூண்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது காவலாவதும் களவாவதும் அமையும்.

கிருமியே மருந்தாதல்

ஓயாத ஒலி தீங்கு பயக்கும். உரிய இடத்தில் எழும் குறுகிய ஒலி பயன் தரும். இதனை நன்கு உணர்த்துவது பி.சி.ஜி. ஆகும். ஆல்பெர் கால்மெட், கமீல் கெரென் ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் பதின்மூன்று ஆண்டு உழைப்பில் வீரியம் குறைத்து உருவாக்கிய பாக்டீரியாவே இது. 1921இல் காசநோய்த் தடுப்பூசியாக முதன்முதலில் மனிதருக்கு வழங்கப்பட்டது. சென்னை கிண்டியில் 1948இல் இதற்கெனவே ஓர் ஆய்வகம் தோன்றியது. அத்தகைய பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் நேரடியாகச் செலுத்தினால், அங்குள்ள மேலோட்டமான கட்டிகள் மீண்டும் தோன்றுவது குறைகிறது என்று கனடாவின் ஆல்வாரோ மொராலஸ் 1976இல் அறிவித்தார். பாக்டீரியாவின் செல்சுவரை டோல் போன்ற ஏற்பிகள் உணர்கின்றன, அழற்சி எழுகிறது, திரண்டுவரும் வெள்ளையணுக்கள் புற்றுச்செல்களையும் தாக்குகின்றன. இன்றும் இச்சிகிச்சை நடைமுறையில் உள்ளது. தோலின் மேற்பரப்பில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் களிம்பாகத் தடவப்படும் இமிக்விமாட் என்னும் மருந்தும் டோல் போன்ற ஏற்பி-7ஐத் தூண்டியே செயல்படுகிறது.

வேதிச் சிகிச்சையிலும் இவ்வேற்பிகளுக்குப் பங்குண்டு. மருந்தால் மடியும் புற்றுச்செல்கள் சில, தம்முள்ளிருக்கும் புரதங்களை வெளியே கசியவிடுகின்றன. கிளைச்செல்களின் ஏற்பிகள் அவற்றை ஆபத்தின் அறிகுறியாக ஏற்று டி செல்களை எழுப்புகின்றன. மருந்து தொடங்கிய பணியை உடலே முன்னெடுத்துச் செல்கிறது.

தேரும் முட்டுக்கட்டையும்

முரசொலி கேட்டும் படை நகராத நிலை உண்டு. அதனை விளங்கிக்கொள்ளத் திருவிழாத் தேரை நினைவில் கொள்ளலாம். ஊர்கூடி வடம் பிடித்து இழுக்கத் தேர் நகரும். அதன் விசையைத் தணிக்கவும் திசையைத் திருப்பவும் சக்கரத்தின் அடியில் மரக்கட்டையை இடுவர். அதுவே முட்டுக்கட்டை. அது இல்லையேல் தேர் வீதியோரத்து வீட்டை இடித்துவிடும். ஆனால், நகர வேண்டிய வேளையிலும் எவரேனும் அதனை அடியில் செருகி வைத்தால், ஆயிரம் பேர் இழுத்தாலும் தேர் அசையாது.

புற்றுச்செல்லை நேரடியாகக் கொல்லும் திறன் பெற்ற டி செல்லும் இத்தகையதே. டி செல் ஏற்பி பகையின் துணுக்கை அடையாளம் காண்கிறது. அது மட்டும் போதாது. டி செல்லில் உள்ள சி.டி.28 என்னும் மற்றோர் ஏற்பி, கிளைச்செல்லில் உள்ள பி7 என்னும் மூலக்கூறோடு பொருந்த வேண்டும். இது வடம் பிடிப்பதற்கு ஒப்பாகும். டி செல் விழித்தெழுந்த சிறிது நேரத்தில் சி.டி.எல்.ஏ.-4 என்னும் மூன்றாவது ஏற்பி மேற்பரப்புக்கு வருகிறது. இதுவும் அதே பி7 மூலக்கூறையே பற்றுகிறது, சி.டி.28ஐ விட இறுக்கமாகப் பற்றுகிறது. அதனால் டி செல்லின் வேகம் தணிகிறது. இதுவே முட்டுக்கட்டை.

1987இல் பிரான்சில் கண்டறியப்பட்ட சி.டி.எல்.ஏ.-4, டி செல்லை முடுக்குகிறதா, தடுக்கிறதா என்பது சில காலம் விவாதப் பொருளாக இருந்தது. அது தடுப்பதே என்று காட்டியவர்களுள் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன் முதன்மையானவர். அவர் சிறுவனாக இருந்தபோதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தடுப்பு ஏற்பியைத் தன்னுடல் தாக்கு நோய்களுக்கு மருந்தாக்கலாம் எனப் பிறர் எண்ணிக்கொண்டிருக்க, ஆலிசன் எதிர்த்திசையில் சிந்தித்தார். வடத்தை இன்னும் வலிந்து இழுப்பதைவிட, கட்டையை எடுத்துவிட்டால் என்ன?

1994ஆம் ஆண்டின் இறுதியில், சி.டி.எல்.ஏ.-4ஐ மறைக்கும் எதிர்ப்பொருளைக் கட்டியுள்ள எலிகளுக்கு அவர் குழு செலுத்தியது. கட்டிகள் மறைந்தன. நம்ப இயலாமல் கிறிஸ்துமசு விடுமுறையிலேயே அவ்வாய்வை மீண்டும் செய்தனர், முடிவு மாறவில்லை. ஆயினும் மருந்து நிறுவனங்கள் தயங்கின. பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட முயற்சிக்குப் பின், 2010இல் மெலனோமா என்னும் தோற்புற்றுநோய் முற்றிய நோயாளரிடம் நிகழ்ந்த மருந்தாய்வு, வாழ்நாள் நீடிப்பதைக் காட்டியது. ஓராண்டைக் கடப்பதே அரிது என்றிருந்த நோயில், ஏறத்தாழ ஐவருள் ஒருவர் மூன்று ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். 2011இல் இபிலிமுமாப் என்னும் அம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கியோட்டோவில் கண்ட இரண்டாம் கட்டை

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோஞ்சோ குழுவினர் 1992இல் மற்றோர் ஏற்பியைக் கண்டறிந்தனர். செல்கள் திட்டமிட்டாற்போல் மடியும் நிகழ்வை ஆராய்ந்தபோது கிடைத்ததால் அதற்குப் பி.டி.-1 எனப் பெயரிட்டனர். பின்னர் இந்த ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, அவற்றின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கியது. அதனால் பி.டி.-1உம் ஒரு முட்டுக்கட்டை என்பது உறுதியாயிற்று.

இரண்டு கட்டைகளும் செயல்படும் இடம் வேறு. சி.டி.எல்.ஏ.-4 பெரும்பாலும் நிணநீர்க்கணுவில், டி செல் பயிற்சி பெறும் நிலையிலேயே தடுக்கிறது. பி.டி.-1 போர்க்களத்தில், அதாவது கட்டியின் உள்ளேயே தடுக்கிறது. பி.டி.-1உடன் பொருந்தும் பி.டி.-எல்1 என்னும் மூலக்கூறைப் புற்றுச்செல் தன் மேற்பரப்பில் ஏந்துகிறது. டி செல் தாக்கும்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் பொருளே, இம்மூலக்கூறை மிகுதியாக ஏந்துமாறு புற்றுச்செல்லைத் தூண்டுகிறது. அடி விழ விழக் கேடயத்தை உயர்த்தும் வீரனைப் போன்றது இது. ஏற்பியையோ அதன் இணையையோ எதிர்ப்பொருளால் மறைத்துவிட்டால் கேடயம் பயனற்றுப் போகிறது.

2014இல் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய பி.டி.-1 தடுப்பு மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன. அடுத்த ஆண்டு, தொண்ணூறு வயதான அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், மெலனோமா தம் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருப்பதாக அறிவித்தார். அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றுடன் பெம்புரோலிசுமாப்பும் அவருக்கு வழங்கப்பட்டது. சில மாதங்களில் நோயின் சுவடு தென்படவில்லை. நூறு வயது நிறைந்த பின்னரே, 2024 டிசம்பரில் அவர் மறைந்தார். ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கட்டை நீங்கிய தேரின் விலை

கட்டையை எடுத்தால் தேர் நகரும். ஆனால் எங்கு சென்று நிற்கும்? இவ்வினாவுக்கு விடை காணாமல் இச்சிகிச்சையைப் போற்றுவது முழுமையாகாது. கட்டவிழ்ந்த டி செல்கள் பெருங்குடல், தைராய்டு, நுரையீரல், அரிதாக இதயம் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். மெலனோமா முற்றிய நோயாளருக்கு இபிலிமுமாப்பையும் நிவோலுமாப்பையும் இணைத்து வழங்கிய ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2024இல் வெளியாயின. நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் கடுமையான பக்கவிளைவுகளுக்கு ஆளாயினர். ஈடிணையற்ற பயனும் பெருந்துன்பமும் அதே ஏற்பிகளின் வழியே வந்தன.

ஏற்பியைத் தூண்டும் முயற்சியும் எச்சரிக்கை தந்துள்ளது. சி.டி.28ஐ நேரடியாகத் தூண்டும் எதிர்ப்பொருள் ஒன்றை 2006 மார்ச்சில் லண்டன் நகரில் நலமிக்க ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினர். விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே கொடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் சில மணி நேரத்தில் அறுவரும் உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குச் சென்றனர். தீவிர சிகிச்சையால் அனைவரும் உயிர் பிழைத்தனர். புதிய மருந்தை மனிதரிடம் முதன்முறை சோதிக்கும் நெறிமுறைகள் அதன்பின் இறுக்கமாக்கப்பட்டன.

மேலும், இம்மருந்துகள் எல்லார்க்கும் பயன் தருவதில்லை. மரபணு மாற்றங்கள் மிகுந்த கட்டியை டி செல்கள் எளிதில் அயலாக அடையாளம் காண்கின்றன. அத்தகைய கட்டிகள் மருந்துக்கு நன்கு இணங்குகின்றன. டி செல்கள் நுழையாத கட்டிகளில் கட்டையை எடுத்தாலும் பயனில்லை. வடம் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் தேர் எவ்வாறு நகரும்? அக்கட்டிகளுக்குள் டோல் போன்ற ஏற்பிகளைத் தூண்டி முதலில் படையை அழைப்பதும், பின்னர் முட்டுக்கட்டையை நீக்குவதும் பொருந்துமா என்று ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர்.

புதிதாய்ப் பூட்டிய ஏற்பி

இருக்கும் ஏற்பிகளை ஆள்வதோடு அறிவியல் நின்றுவிடவில்லை. நோயாளரின் டி செல்களை வெளியே எடுத்து, புற்றுச்செல்லின் அடையாளத்தை நேரடியாக உணரும் செயற்கை ஏற்பிக்கான மரபணுவை அவற்றில் சேர்த்து, பெருக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறை வந்துள்ளது. இது கார்-டி செல் சிகிச்சை எனப்படுகிறது. 2017இல் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய்க்கு இது முதன்முதலில் ஒப்புதல் பெற்றது. இதன் விலை எளியோர் எட்ட முடியாததாக இருந்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இதன் விலை. அதுவும் பல குடும்பங்களுக்குப் பெரும் சுமையே. ஆய்வகத்தில் கண்ட உண்மை, நோயாளரின் படுக்கையை அடைவதற்கு அறிவோடு பொருளும் அறமும் துணைநிற்க வேண்டியிருக்கிறது.

பழப்பூச்சியின் கருவை ஆராய்ந்தவர்கள் புற்றுநோய் மருந்தைத் தேடவில்லை. செல்லின் மடிவை ஆராய்ந்த ஹோஞ்சோ குழுவினரும் அவ்வாறே. 'இது ஏன் இவ்வாறு இருக்கிறது?' என்னும் வினாவே அவர்களை வழிநடத்தியது. புற்றுநோயை வெல்லும் ஆற்றல் உடலுக்கு உண்டு என்பது கோலியின் காலத்திலேயே மங்கலாகத் தெரிந்தது. அவ்வாற்றலை எப்போது எழுப்ப வேண்டும், எப்போது அடக்க வேண்டும் என்னும் அளவறிவைப் பெறுவதற்குத்தான் நூறாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன. அத்தேடல் இன்னும் நிறைவுறவில்லை. அதனைத் தொடர வேண்டியவர்கள் இன்றைய வகுப்பறைகளில் இருக்கிறார்கள்.

கலைச்சொற்கள்

ஏற்பி – செய்தி மூலக்கூறை ஏற்று, செல்லுக்குள் சமிக்ஞையைத் தூண்டும் புரதம்
எதிர்ப்பொருள் – குறிப்பிட்ட மூலக்கூறுடன் மட்டும் பொருந்தும் புரதம்
அழற்சி – தொற்றுக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் எதிர்வினை
சடுதிமாற்றம் – மரபணுவில் திடீரென நேரும் மாற்றம்
தன்னுடல் தாக்கு நோய் – நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்குவதால் தோன்றும் நோய்

இலக்கணக்குறிப்பு

வளர்கட்டி – வினைத்தொகை
காவலாவதும் களவாவதும் – எண்ணும்மை
இழுக்க இழுக்க, விழ விழ – அடுக்குத்தொடர்கள்

பகுபத உறுப்பிலக்கணம்

கண்டனர் – காண்(கண்) + ட் + அன் + அர்
காண் – பகுதி (கண் எனக் குறுகியது விகாரம்). ட் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவில் முட்டுக்கட்டை இடுவோரின் பணியை அறிந்து வந்து, பாடத்தில் வரும் உவமையோடு ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.
2. 'அடிப்படை ஆய்வுக்குச் செலவிடுதல் வீண்செலவு அன்று' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. போர்க்களமாகிய கட்டிக்குள் டி செல்லைத் தடுக்கும் ஏற்பி எது?
அ) சி.டி.28  ஆ) பி.டி.-1  இ) டோல் போன்ற ஏற்பி-4  ஈ) டி செல் ஏற்பி

2. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படுவது
அ) கோலி நஞ்சு  ஆ) இமிக்விமாட்  இ) பி.சி.ஜி.  ஈ) நெக்ஸ்கார்19

குறுவினா

1. கோலியின் முறை கைவிடப்பட்டதற்குரிய காரணங்கள் யாவை?
2. டி செல் விழித்தெழத் தேவையான இரு பொருத்தங்களைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. நாட்பட்ட அழற்சி வளர்கட்டிக்கு எவ்வாறு துணைபுரிகிறது?
2. சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 ஆகியவற்றின் செயல்களை வேறுபடுத்திக் காட்டுக.

நெடுவினா

'ஏற்பியை நல்லது, தீயது என்று பிரிக்க இயலாது' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.